எரிந்த ஸ்பீக்கரும் பன்னிரண்டு வாஷரும்

மார்ச் 2, செந்தூல்
ஜாலான் பாசார் கடையில் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) எரிந்த எட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, மொத்தம் 15 வெள்ளி (ரிங்கிட்). கடை அங்கிள் "ரோசாக் லா, ரோசாக்" (கெட்டுப்போனது) என்று எச்சரித்துப் பார்த்தார், பாவம். எனக்கு வேண்டியதே எரிந்ததுதான். ஆழமான பாஸ் ஒலிக்காக நான் கட்டும் பெட்டியில் இவை பாஸிவ் ரேடியேட்டர், அதாவது மின்சாரம் இல்லாமல் சும்மா ஆடும் கோன். அதற்குக் காயிலும் வேண்டாம், காந்தமும் வேண்டாம். பெட்டிக்குள் நல்ல வூஃபர் (பாஸ் ஸ்பீக்கர்) தள்ளுகிற காற்றே இந்தக் கோன்களை ஆட்டிவிடும். இதற்குப் பதிலாகப் பெட்டியில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தால் போதாதா என்று தம்பி கேட்டான். என் பெட்டி 30 லிட்டர். எனக்கு வேண்டிய ஆழம் 29 ஹெர்ட்ஸ், அதற்கு மூன்று அங்குலக் குழாய் வைத்தால் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம் வரும், பெட்டியே அவ்வளவு நீளமில்லை.

மார்ச் 5
உளி வைத்துத் தட்டிக் காந்தத்தைக் கழற்றினேன். ஸ்பைடர் (கோனைப் பின்னால் தாங்கும் மடிப்புத் துணி) கிழியாமல் எடுப்பதற்குள் இரண்டு முறை தே தாரிக் குடித்தாயிற்று. காயிலை வெட்டி எறிந்து, அந்த வாயில் பிளைவுட் வட்டம் ஒட்டி, நடுவில் ஒரு போல்ட். வாஷர் போட்டுப் போட்டு எடையைக் கூட்ட வசதி.

மார்ச் 9
இன்று ஒரே குளறுபடி. ஒரு பக்கம் நான்கு வாஷர், இன்னொரு பக்கம் சும்மா விட்டுச் சோதித்தேன், பெட்டி தரையில் நடக்க ஆரம்பித்துவிட்டது! எதிரெதிர்ச் சுவரில் சம எடையோடு இருந்தால்தான் ஒன்றின் உதைப்பை மற்றது அடக்கும். அது தெரிந்தும் சோம்பல். இதில் புஸ்ஸென்று ஒரு சத்தம் வேறு. நடுவில் இருக்கும் துணி மூடி வழியாகக் காற்று ஒழுகுகிறது, பசை பூசிக் காய வைத்திருக்கிறேன்.

மார்ச் 12
அம்மாவின் சமையலறைத் தராசு இப்போது என் மேசையில். கோன், போல்ட், நான்கு வாஷர் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் 80 கிராம். போனில் டோன் ஓடவிட்டு மெல்லக் கீழே இறக்கினால் 41 ஹெர்ட்ஸில் வூஃபர் கோன் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, பக்கத்துக் கோன்கள் மட்டும் பேயாட்டம் ஆடுகின்றன. ட்யூனிங், அதாவது பெட்டியும் பக்கத்துக் கோன்களும் சேர்ந்து இயல்பாக அதிரும் அலைவெண், அங்கேதான். மீட்டர் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் நான் பார்த்ததில்லை. எடையை இரண்டு மடங்காக்கினால் அலைவெண் பாதியாகாது, இரண்டின் வர்க்கமூலத்தால்தான் வகுபடும், அதாவது 29. அப்படியானால் பக்கத்துக்கு இன்னும் எட்டு வாஷர், ஒவ்வொன்றும் பத்து கிராம்.

மார்ச் 15
பன்னிரண்டு வாஷர். 29-இல் வூஃபர் நின்றது! தம்பி உடனே உறுமி மேளம் போடச் சொன்னான். உறுமி அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது என்று சொன்னால் கேட்கிற ஆளா அவன்? "அண்ணே, சத்தமா வை" என்றான், வைத்தேன். பெட்டி அசையவில்லை, புஸ் சத்தமும் இல்லை. கடகடவென்று ஆடியது லூவர் கண்ணாடிதான். அதற்கு ரப்பர் வாங்க வேண்டும், தராசையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அம்மா மூன்று நாளாகக் கேட்கிறார்.