தம்பி உதட்டு வீக்கம், நாட்குறிப்பு

ஜனவரி 18
தம்பிக்கு மேலுதடு திரும்பவும் வீங்கிருச்சு. முன்னெல்லாம் ரெண்டு மூணு நாள்ல வடிஞ்சிரும், இப்ப வாரக்கணக்கா அப்படியே நிக்குது, தொட்டா ரப்பர் மாதிரி கெட்டியா இருக்கு, வலியும் இல்ல அரிப்பும் இல்ல, அலர்ஜி மாத்திரை கேக்கவே இல்ல. அம்மா கத்திரிக்கா கருவாடு எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க.

ஜனவரி 27
ஸ்கின் டாக்டர்ட்ட போனோம். நாக்க நீட்டச் சொன்னாங்க, கண்ண இறுக்கி மூடி பல்லக் காட்டச் சொன்னாங்க. உதடு வீக்கத்தோட முகவாதமும் நாக்குல வெடிப்பும் சேந்தா அது மெல்கர்சன் ரோசென்தால் சிண்ட்ரோமாம், உதடு மட்டும்னா மீஷர் சீலைட்டிஸ், 1945ல மீஷர்னு ஒரு டாக்டர் எழுதினது. "அலர்ஜி வீக்கம் இத்தன நாள் தங்காதுப்பா, துளி சதைய வெட்டி எடுத்து சோதிக்கிற பயாப்சி எடுத்துருவோம்"னாங்க. உதட்டுல கத்தியான்னு அம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு.

பிப்ரவரி 6
ரிப்போர்ட்ல கிரானுலோமா, அதாவது எதிர்ப்பு செல்லுங்க ஒண்ணா கூடி நிக்கிற சின்னச் சின்ன முடிச்சு. நம்ம நாட்டுல கிரானுலோமான்னு வந்தா டிபி, தொழுநோய் ரெண்டும் இல்லன்னு பாத்துட்டுத்தான் அடுத்த பேச்சு, ஏன்னா உள்ள டிபி இருக்கும்போது இந்த வீக்கத்துக்குன்னு ஸ்டீராய்டு குடுத்தா அது இன்னும் பரவிரும். அதனால நெஞ்சு எக்ஸ்ரே, டிபிக்கு தோல்ல ஊசி போட்டுப் பாக்குற மாண்டூ, இதே மாதிரி கிரானுலோமா வர்ற சார்காய்டோசிஸ்ங்கிற நோய்க்கு ரத்த டெஸ்ட். குடல்ல வர்ற குரோன்ஸ் நோய்கூட சிலருக்கு மொதல்ல உதட்டுலதான் தெரியுமாம், அதுக்கு மலத்துல கால்ப்ரொடெக்டின் டெஸ்ட், குடல்ல அழற்சி இருந்தா அது கூடிருக்கும். இவ்ளோ டெஸ்டான்னு அப்பா சலிச்சுக்கிட்டார், எனக்கு இதுதான் சரியான வழின்னு பட்டுச்சு.

பிப்ரவரி 20
எல்லாம் நார்மல், அப்ப மீஷர்தான். மரத்துப்போக ஊசி போட்டுட்டு உதட்டுக்குள்ளயே ட்ரையாம்சினலோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. கூடவே குளோஃபசிமின் மாத்திரை. அது தொழுநோய் மாத்திரைன்னு தெரிஞ்சதும் அம்மா கலங்கிட்டாங்க, கிருமியக் கொல்றது போக வீக்கத்தையும் அடக்கும், அதுக்குத்தான் தர்றோம்னு மேடம் பொறுமையா சொன்னாங்க. தோல் கொஞ்சம் கருஞ்சிவப்பா மாறும், நிறுத்தினா மெதுவா தெளியுமாம்.

சாப்பாட்டுல பட்டையும், கெட்டுப்போகாம இருக்கச் சேக்குற பென்சோயேட்டும் கொஞ்ச நாள் வேணாம், சிலருக்கு அதுலயே நல்லா குறையுதாம். கத்திரிக்காய்க்கு விடுதலை! ஊறுகா பாட்டில், சாஸ், கூல்ட்ரிங்க்ஸ்ல 211னு நம்பர் இருந்தா அது சோடியம் பென்சோயேட். வீட்ல கரம் மசாலா பட்டை இல்லாம அரைச்சாச்சு, பல் விளக்குற பேஸ்ட்லயும் பட்டை இல்லாததா பாத்து வாங்கினேன்.

ஏப்ரல் 11
ரெண்டாவது ஊசிக்கப்பறம் நல்லா எறங்கிருக்கு, தம்பி மாஸ்க் இல்லாம காலேஜ் போறான். இது திரும்ப வரக்கூடிய நோய், வருசக்கணக்கா பாத்துக்கணும், வயித்துப்போக்கு, வயித்துவலி, எடை குறையறதுன்னு எது வந்தாலும் உடனே காட்டச் சொல்லிருக்காங்க. உங்க வீட்ல யாருக்காவது உதடு வீங்கி வாரக்கணக்கா வடியலன்னா அலர்ஜி மாத்திரையே போட்டுட்டு இருக்காம பயாப்சி வேணுமான்னு டாக்டர்ட்ட கேளுங்க.