பெரியம்மாவின் மெழுகுக் கட்டி

கோத்தகிரியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இடது காறையெலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றியது. சதை எடுத்துச் சோதித்ததில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்றுநோய், என்று வந்தது; ஆனால் கோயம்புத்தூரில் செய்த எண்டோஸ்கோப்பி, மேமோகிராம், பெட் ஸ்கேன் எதிலும் அது எந்த உறுப்பில் தொடங்கியது என்பது பிடிபடவில்லை. புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காட்டினருக்கு இந்த நிலை உண்டு.

மரபணுப் பரிசோதனை என்றதும், நோயின் பிறப்பிடம் தெரிந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். உண்மையில் அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு சோதனைகள் உண்டு. ஒன்று, எந்த மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்பதைப் பார்த்து உறுப்பை ஊகிப்பது. மற்றொன்று, பிறப்பிடத்தைப் பற்றிக் கவலைப்படாமல், மருந்துக்குக் கட்டுப்படக்கூடிய பிறழ்வு (மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்) ஏதேனும் உள்ளதா என்று தேடுவது. முதல் வழியில் 2019-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில், ஊகித்த உறுப்புக்கு ஏற்ற சிகிச்சை வழக்கமான கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் கீமோவை விட ஆயுளைக் கூட்டவில்லை. 2024-இல் வெளிவந்த ஷாங்காய் ஆய்விலோ நோய் முற்றாமல் இருந்த காலம் 6.6 மாதத்திலிருந்து 9.6 மாதமாக நீண்டது. இரண்டாம் வழியைச் சோதித்த கப்பிஸ்கோ ஆய்வில், முதல் மூன்று சுற்றுக் கீமோவில் நோய் கட்டுப்பட்டவர்களிடையே இந்தக் காலம் கீமோவையே தொடர்ந்தவர்களுக்கு 4.4 மாதம், பிறழ்வைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 6.1 மாதம். சிறிய வித்தியாசம்தான், இருந்தாலும் நான் இரண்டாவதையே கேட்டேன், ஏனென்றால் ஊகத்தைவிட ஒரு பிறழ்வைக் கையில் பிடிப்பது மேல் என்று எனக்குப் பட்டது.

சோதனைக்கு அனுப்ப மருத்துவமனை கொடுத்தது, எடுத்த சதையை மெழுகில் உறையவைத்த மெழுகுக் கட்டி; பிளாஸ்டிக் சட்டத்தில் பதித்த தபால்தலை அளவுப் பொருள். அதன் நடுவே குருணை அரிசி போல ஒரு பொட்டுச் சதை. முதலில் பார்த்த ஆய்வகம் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை ஒவ்வொன்றுக்கும் சீவிச் சீவியே மீதியைத் தீர்த்திருந்தது. திசு போதவில்லை என்று மரபணுச் சோதனை செய்பவர்கள் திருப்பி அனுப்பினார்கள். மரபணுச் சோதனைக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் ஆய்வகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபடியும் மேட்டுப்பாளையம் வழியாக மலையிறங்கி, மறுபடியும் ஊசி குத்தி, கீமோவின் இரண்டாம் சுற்று முடிந்த பிறகே அறிக்கை வந்தது. செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கேராஸ் மரபணுவில் ஜி12டி என்ற பிறழ்வு. அதற்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை, கீமோவையே தொடரலாம் என்றார் மருத்துவர். பெரியம்மா அறிக்கையைக் கண்ணாடி போட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கேயிருந்து வந்ததுன்னு இதிலயும் போடலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்றாம் சுற்றுக்கு வரும் செவ்வாய்க்கிழமை விடியற்காலை கிளம்ப வேண்டும்.