பிரிண்டரின் முகவரி

ஜூலை 8, 2024, திங்கள்

மதியம் பத்து நிமிடம் மின்சாரம் போய் வந்தது. அதிலிருந்து பிரிண்டர் பேச்சுமூச்சில்லாமல் நிற்கிறது. ஆறு கணினிகளிலும் ‘ஆஃப்லைன்’ என்றே வருகிறது. வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு 31ஆம் தேதி கடைசி நாள். எங்களைப் போன்ற ஆடிட்டர் அலுவலகத்துக்கு இந்த மாதம் பிரிண்டர்தான் வலது கை. ஒரு மணி நேரம் காத்திருந்த பெரியவர், “நாளைக்கு வருகிறேன் தம்பி” என்று வெறுங்கையோடு எழுந்து போனார். இன்னும் மனம் ஆறவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பிரிண்டரின் அமைப்பு விவரத் தாளை அச்செடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த ஐ.பி. முகவரி, அதாவது அலுவலக வலையமைப்பில் பிரிண்டரின் வீட்டு எண், 192.168.1.7. கணினிகளில் பதிந்திருந்ததோ 192.168.1.4. முகவரிகளை வழங்குவது, கணினிகளையும் பிரிண்டரையும் இணைக்கும் ரவுட்டர். மின்சாரம் போனாலும் தாங்கும் யுபிஎஸ் இணைப்பில் அது இல்லை. மின்சாரம் போனதும் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்து, வந்ததும் புதிதாகப் பங்கு போட்டிருக்கிறது. கணினிகள் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தன.

பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்துவிடத் தீர்மானித்தேன். அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி ஒவ்வோர் இலக்கமாக ஏற்ற வேண்டும்: 192.168.001.050. கூடவே வலையமைப்பின் எல்லையைச் சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0; வெளியே போகும் வாசலான கேட்வே, ரவுட்டரின் முகவரியான 192.168.1.1. பிறகு ஆறு கணினிகளிலும் பிரிண்டரின் ‘போர்ட்’ பகுதியில் புதிய முகவரியைச் சேர்த்தேன். தட்டச்சு அக்காவின் மேசையிலிருந்துதான் முதல் தாள் போனது. நேற்று வந்த பெரியவருக்கு உரியது அது.

ஜூலை 10, புதன்

ஒரு குறையும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

காலையிலேயே மறுபடியும் தகராறு. ஒரு தாள் வருகிறது, அடுத்தது நின்றுவிடுகிறது. அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் ‘பிங்’ கட்டளை கொடுத்தால் பதில் வருகிறது. சந்தேகம் தட்டியது, பிரிண்டரின் மின்கம்பியையே பிடுங்கிவிட்டு மறுபடி ‘பிங்’ கொடுத்தேன். அப்போதும் பதில் வந்தது! 50இல் முடியும் அந்த முகவரியில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

இளைய உதவியாளரின் கைப்பேசி அது. ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகளின் கடைசி எண் 2 முதல் 254 வரை. அதற்குள்ளிருந்து நான் 50ஐ எடுத்தது ரவுட்டருக்குத் தெரியாது. இரவில் பிரிண்டரை அணைத்துவிட்டுப் போகிறோம். காலையில் முதலில் வந்தவருக்கு ரவுட்டர் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. தவறு என்னுடையதுதான். வழங்கும் எல்லையை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

எல்லோரும் போன பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பிரிண்டருக்கென்று 50ஐ அங்கேயே ஒதுக்கிவைப்பது மேல் என்று பட்டது. எந்த எண் யாரிடம் என்பது ஒரே பேரேட்டில் இருக்கும். கணினிகளிலும் எதையும் மாற்ற வேண்டாம். ஒதுக்குவதற்குப் பிரிண்டரின் ‘மேக்’ முகவரி, அதாவது தயாரிக்கும்போதே அதற்கென்று தரப்பட்ட அடையாள எண், தேவை. பன்னிரண்டு குறிகள், முதுகுப்புற ஒட்டுத்தாளில் மங்கிக் கிடந்தன. எட்டா, ‘பி’யா என்று டார்ச் அடித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்து ஒப்பிட்டேன்: எட்டு.

பிரிண்டரை, ரவுட்டரிடமிருந்தே முகவரி வாங்கிக்கொள்ளும் தானியங்கி முறைக்கு மாற்றினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பிரிண்டருக்கு 50 வந்தது. இன்னொரு முறை அணைத்துப் போட்டேன். 50 தான்.

ஜூலை 15, திங்கள்

பதினொன்றரைக்கு மின்வெட்டு. மின்சாரம் வந்ததும் நான் எழுந்து போவதற்குள் அக்கா அச்சுக்குக் கொடுத்துவிட்டார்; நான்கு தாள்களும் வந்து விழுந்தன. முகவரியையும் ஒதுக்கிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டினேன். ரவுட்டரை யுபிஎஸ்ஸில் சேர்க்க எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார்.