அம்மம்மாவை மேற்கோள் காட்டின கட்டுரை

ரொறன்ரோவுக்கு வந்து கல்லூரியில் கணக்கியல் எடுத்தபோது, கூடவே ஒரு பொதுப்பாடமும் கட்டாயம் என்றார்கள். 'மேற்கு அல்லாத உலக இலக்கியம்' பின்னேர வகுப்பு. முடிந்த கையோடு இரவு வேர்ஹவுஸ் வேலைக்குப் பஸ் பிடிக்கலாம், அதனால் பெயரைப் பதிந்தேன். மற்றபடி இலக்கிய ஆசை ஒன்றும் இல்லை.

பாடத்தின் பெயரே ஒரு மாதிரி. நைஜீரியா, எகிப்து, சீனா, தமிழ்நாடு எல்லாம் ஒரே பைக்குள், ஐரோப்பா இல்லை என்பதைத் தவிர வேறு என்ன ஒற்றுமையோ தெரியாது. 1827இல் ஜெர்மன் எழுத்தாளர் கோத்தே 'உலக இலக்கியம்' என்று பேசியதே ஒரு சீன நாவலை வாசித்துவிட்டுத்தானாம். இங்கே சீனாவுக்கு ஒரு கிழமை, இந்தியாவுக்கு ஒரு கிழமை, சரி.

ஆபிரிக்காவுக்குத்தான் கூட நேரம். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958இல் எழுதிய நாவல், தமிழில் என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று மொழிபெயர்த்தாரே, அது. வந்தவருக்குக் கோலாக் கொட்டை உடைத்துக் கொடுப்பதையும் புதுக் கிழங்குத் திருவிழாவையும் மற்றப் பிள்ளைகள் 'கலாசாரம்' என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருக்க, எனக்கு வெற்றிலைத் தட்டமும் தைப்பூசத்துக்குப் புதிர், அதாவது புது நெல், எடுப்பதும்தான் கண்ணில் நின்றன. கதை நாயகன் ஒக்கொங்க்வோ மாதிரிக் கோபக்காரப் பெரியப்பாமார் இலங்கையில் எங்கள் முள்ளியவளையில் ஒழுங்கைக்கு ஒருவர் இருந்தார்கள். பிறகு நைஜீரியாவில் இருந்து பிரியப் பார்த்த பியாஃப்ராவின் யுத்தம் வந்தது, 1967 முதல் 1970 வரை, முற்றுகை, பட்டினி, அச்செபே பியாஃப்ராவுக்காக வெளிநாடுகளுக்குத் தூது போனது எல்லாம். முற்றுகை எனக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வன்னியில் ரேடியோ கேட்டோம் என்று அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பா. ஆனால் வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. யுத்தத்தில் இருந்து வந்த பிள்ளை என்று ஒருக்கால் பெயர் விழுந்தால், அதுக்குப் பிறகு மழையைப் பற்றிக் கதைத்தாலும் அந்த முகத்தோடுதான் பார்ப்பார்கள்.

வாய் திறந்தது சிலப்பதிகாரத்துக்கு. ஆர். பார்த்தசாரதியின் 1993 மொழிபெயர்ப்பில் மதுரை எரிகிற பகுதி. 'பழைய தென்னிந்தியக் காவியம்' என்று ஆசிரியை தொடங்க, கை தானாக எழும்பிவிட்டது. கண்ணகிக்கு எங்கள் ஊரில் இன்றைக்கும் பொங்கல் நடக்கிறது என்றேன். வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் திங்கட்கிழமை, வற்றாப்பளையில், நந்திக்கடல் ஓரம். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த தண்ணீரில் விளக்கெரிப்பார்கள், மதுரையை எரித்துவிட்டு அம்மன் இங்கே வந்து ஆறினா என்பது ஊர் நம்பிக்கை. சிங்களவரும் பத்தினி தெய்வம் என்று அவவைக் கும்பிடுவார்கள். வகுப்பு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தது, அப்புறம் கேள்விமேல் கேள்வி. ஒரு சோமாலியப் பெடியன் மட்டும், "அப்ப அவ கோபம் தீர்ந்துதான் இருக்கிறாவா?" என்று கேட்டான். நல்ல கேள்வி, இப்பவும் என்னிடம் பதில் இல்லை.

அதையே இறுதிக் கட்டுரையாக எழுது என்றார் ஆசிரியை. ஆதாரம் வேண்டும், எனக்கோ இதெல்லாம் அம்மம்மா வாயால் கேட்டது. எம்.எல்.ஏ. என்கிற மேற்கோள் காட்டும் முறையில் நேர்காணலையும் சான்றாகக் காட்டலாம் என்று நூலகத்தில் சொன்னார்கள். ஊரில் விடியும் நேரம் பார்த்து வட்ஸ்அப்பில் எடுத்தேன். தீர்த்தம் எடுப்பது, காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு ஏற்றுவது, பிறகு அதை வற்றாப்பளைக்குக் கொண்டு போவது என்று மனிசி அடுக்கிக்கொண்டே போனா. இடையில் சேவல் வேறு கூவுது. சான்றுப் பட்டியலில் அகர வரிசைப்படி அச்செபேக்குக் கொஞ்சம் கீழே அம்மம்மாவின் பெயர்.

படம் எடுத்து அனுப்பினேன். "என்ர பேருக்குப் பக்கத்தில உந்த மனிசன் ஆர்? எந்த ஊர்?" என்று கேட்டா. நைஜீரியா என்றேன். "அங்கயும் வயல் இருக்கோ?" அடுத்த அரை மணித்தியாலம் கிழங்குச் செய்கையைப் பற்றியே விசாரணை, நான் அன்றைக்கு வேலைக்குப் பிந்தித்தான் போனேன்.