ஃபுல் ஏ பிளஸ் என்று மட்டும் எழுதினால் போதாது

டிகிரி ரிசல்ட் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலையும் உறுதியாகிவிட்டது. இப்போதுதான் மூச்சு விடுகிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வாளையாறு எல்லை தாண்டி தமிழ்நாட்டில் வேலை தேடப் போகிறவர்களுக்காக இது. மார்க் வாங்குவது பற்றி இல்லை, வாங்கியதை ரெஸ்யூமில் எப்படி வைப்பது என்பது பற்றி.

நம் பக்கம் பாராட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ரிசல்ட் வந்த கையோடு தெருமுக்கில் ஃபிளக்ஸ் ஏறிவிடும். வார்டு மெம்பர், கிளப், கூட்டுறவு வங்கி, எம்.எல்.ஏ. அவார்டு என்று ஆளாளுக்கு ஒரு மொமென்டோ. சந்தோஷம்தான், ஆனால் ரெஸ்யூமில் இதில் ஒன்றுகூட வேண்டாம். எல்லாமே ஒரே மார்க்லிஸ்ட்டுக்காகக் கிடைத்தவை. என்னைவிட நல்ல சி.ஜி.பி.ஏ. வைத்திருந்த நண்பன் இதையெல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்கு அடுக்கினான், இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை. காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் அப்படித்தான் நம்புகிறேன்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே விஷயம்: ஒவ்வொரு பெருமைக்கும் பக்கத்திலேயே யார் கொடுத்தது, எதை வைத்துக் கொடுத்தது, எந்த வருடம் என்று ஒரு வரி.

ஃபுல் ஏ பிளஸ்ஸையே எடுங்கள், அதாவது கேரளப் பத்தாம் வகுப்புத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். 2020இல் அதை வாங்கியவர்கள் 41,906 பேர். கொரோனாவால் குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் நன்றாகப் படித்தால் போதும் என்று ‘ஃபோகஸ் ஏரியா’ வந்த 2021இல் 1,21,318 பேர். அடுத்த வருடம் 44,363. நான் 2021 பேட்ச், அதனால் கேலி பழகிவிட்டது. தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. “500க்கு எத்தனை?” என்றுதான் கேட்பார். நம் சர்டிபிகேட்டில் இருப்பதோ கிரேடு மட்டும். ஆகவே ‘10 பாடங்களிலும் ஏ பிளஸ், ஒவ்வொன்றிலும் 90 சதவீதமோ அதற்கு மேலோ, கேரள எஸ்.எஸ்.எல்.சி., 2021’ என்று முழுசாக எழுதுங்கள்.

மற்றவை:

- எல்.எஸ்.எஸ்.: நாலாம் வகுப்பு ஸ்காலர்ஷிப் தேர்வு சமாச்சாரம். விட்டுவிடுங்கள்.
- யு.எஸ்.எஸ்.: ஏழாம் வகுப்பு ஸ்காலர்ஷிப் தேர்வு. பக்கத்தில் இடம் மிஞ்சினால் மட்டும்.
- என்.எம்.எம்.எஸ்.: கண்டிப்பாக எழுதுங்கள். மத்திய அரசின் ஸ்காலர்ஷிப் திட்டம், தமிழ்நாட்டுப் பக்கமும் தெரியும். எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதி ஜெயித்து, ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய் வாங்கியது என்று நான் எழுதியிருந்தேன். பேட்டி எடுத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த வரியில்தான்.
- காலேஜ் எண்டோமென்ட் பரிசு: யார் நினைவாக என்பது அவர்களுக்கு வேண்டாம். ‘பி.காம். துறையில் முதல் மதிப்பெண்ணுக்காக’ என்றால் போதும்.
- சி.ஜி.பி.ஏ.: 10க்கு எத்தனை என்று சேர்த்தே.
- 2024இல் நாலு வருட டிகிரியில் சேர்ந்த தம்பி தங்கைகள்: மூன்றாம் வருடத்தோடு வெளியே வந்தால் ஹானர்ஸ் போடக்கூடாது. நாலாவது வருடம் முடித்தால்தான் அது.

அவார்டில் சேராத ஒன்றும் இருக்கிறது. கேரளா என்று பார்த்ததும் “தமிழ் எழுத வருமா?” என்று கேட்டார்கள். பத்தாவது வரை தமிழ் மீடியம், மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும் என்று மேலேயே போடுங்கள். பாலக்காட்டில் கஸ்டமர் வைத்திருக்கும் ஆபீஸுக்கு அது எந்த மெடலையும்விட உபயோகம்.

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு சர்டிபிகேட் நகலை அதே வரிசையில் ஃபைலில் வையுங்கள். என்னிடம் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்.