கேட்டது நானா, அலுவலகமா?

“சார், இதை ஆபீஸ் கேக்குதா, நீங்க கேக்கறீங்களா?” என்று என் குழுவில் பணிபுரியும் அவர் கேட்டதும், “நான்தான் கேட்கிறேன்” என்று உடனே சொல்லிவிட்டேன். அது பொய்யில்லை. ஆனால் எங்களுக்கு நடுவே மேசையில் கிடந்த தாளின் மேல் ஓரத்தில் பணியாளர் எண்ணுக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அவருடைய பார்வை அந்தக் கட்டத்தில் சற்று நின்ற பிறகுதான் என் முகத்துக்கு வந்தது.

அன்று அவருக்கு 49 வயது நிறைந்திருந்தது. எங்கள் குழுவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், வாழ்த்தெல்லாம் ஓய்ந்த பிறகு அவரோடு அரை மணி நேரம் தனியாக அமர்ந்து பேசுவதை வழக்கமாக்கியிருந்தேன். போன பிறந்தநாளுக்குப் பிறகு எதைக் கற்றீர்கள், எதை விட்டுவிட விரும்புகிறீர்கள், அடுத்த பிறந்தநாளுக்குள் எதை எட்ட நினைக்கிறீர்கள் என்பவையே கேள்விகள். எல்லாரையும் ஒரே வாரத்தில் வரிசையாக அழைத்து, ஊதிய உயர்வை மனத்தில் வைத்துக்கொண்டே பதில் சொல்ல வைக்கும் ஆண்டு மதிப்பீட்டைவிட இது மேலானது என்று நம்பினேன். இன்றும் பெரும்பாலும் நம்புகிறேன்.

உறுத்துவது என்னவென்றால், இந்த யோசனையே அவரிடமிருந்து வந்ததுதான். சில ஆண்டுகளுக்கு முன், தம் பிறந்தநாளன்று உணவு இடைவேளையில் அவர் கோடு போட்ட நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பக்கத்தின் தலையில் தேதி இல்லை. வயதை மட்டும் எழுதி வட்டமிட்டிருந்தார். வருடத்துக்கு ஒரு பக்கம்தான் என்றும், போன வருடப் பக்கத்தைப் படித்த பிறகே புதிதாக எழுதுவதாகவும் சொன்னார். “சில வருஷம் படிக்கிறதோட சரி, எழுத ஒண்ணும் தோணாது” என்று சிரித்தார். குழு முழுவதற்கும் இது பயன்படுமே என்று எனக்கு அப்போதே தோன்றியது. பேசியதற்கு ஏதாவது பதிவு இருக்க வேண்டாமா என்று மேலிடம் கேட்டபோது படிவமும் வந்து சேர்ந்தது.

அந்தப் படிவத்தை அவர் சில நிமிடங்களில் நிரப்பிவிட்டார். ஒரு சான்றிதழ்ப் படிப்பு, புதியவர்கள் இருவருக்குப் பயிற்சி, நிலுவைக் கோப்புகளைக் குறைப்பது என்று எல்லாமே திட்டவட்டமாகவும், அளக்கக்கூடியவையாகவும், கெடு குறித்தவையாகவும் இருந்தன. 1981இல் நிர்வாக ஆலோசகர் ஜார்ஜ் டோரன் இலக்குகளுக்கு வகுத்த இலக்கணத்தின்படி அவற்றில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எதை விட்டுவிட விரும்புகிறீர்கள் என்ற கட்டத்தில் மட்டும் ‘எதுவுமில்லை’ என்று எழுதியிருந்தார். எழுதிய மூன்றையும் பின்னர் முடித்தும் காட்டினார். அலுவலகக் கணக்கில் இதைவிட நல்ல உரையாடல் நடந்திருக்க முடியாது.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2014இல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் போன்றவற்றை ஒட்டி மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வது கூடுவதைக் காட்டியது (21ஆம் பிறந்தநாள் மட்டும் விதிவிலக்கு; அமெரிக்காவில் மது அருந்தச் சட்டம் அனுமதிக்கும் வயது அது என்பதால் காரணத்தை ஊகிப்பது கடினமன்று). தவறியதெல்லாம் பழைய கணக்கில் போய்விட்டது, இனி புதுக் கணக்கு என்ற உணர்வே அந்த உந்துதலைத் தருகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அதே ஆண்டில் ஆடம் ஆல்டரும் ஹால் ஹெர்ஷ்ஃபீல்டும், 29, 39, 49 என ஒன்பதில் முடியும் வயதுகளில் வாழ்க்கைக்குப் பொருள் தேடும் நாட்டம் கூடுகிறது என்று எழுதினார்கள். ஆகவே 49ஐத் தொட்டவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது பொருத்தமற்றதன்று.

ஆனால் அதே ஆய்வை என்னை நோக்கியும் திருப்பலாம். எந்தத் திங்கட்கிழமையும் அதே உந்துதலைத் தரும் என்றால், நான் ஏன் பிறந்தநாளைத் தேர்ந்தெடுத்தேன்? நாள்காட்டியில் அது ஒன்றுதான் அவரவருக்கே உரிய நாள். அன்று கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று எண்ணினேன். அது அவருக்கே உரியது என்பதால்தான் அவர் அதை என்னிடம் தரவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. இலக்குகளைக் கொண்டு நிர்வகிக்கும் முறையைப் பற்றி 1954இல் எழுதிய நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் ட்ரக்கர், சுயகட்டுப்பாட்டையும் அதனுடன் இணைத்தே சொன்னார். ஒருவர் தம் பணியை அளந்துகொள்ள உதவும் தகவல் அவரிடமே செல்ல வேண்டும், மேலதிகாரியிடம் அல்ல என்பது அவர் வாதம். அலுவலகங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. அதை விமரிசித்து நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

இப்படி எண்ணும்போதே இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஆண்டு மதிப்பீடுகளில் தலையாட்டுவதைத் தவிர எதுவும் செய்யாத ஓர் இளைஞர், தம் பிறந்தநாள் உரையாடலில்தான் தமக்கு இந்தப் பிரிவே பிடிக்கவில்லை என்று சொன்னார். பிரிவு மாறிய பிறகு நன்றாக இருக்கிறார். அவரிடமும் அதே படிவம்தான் இருந்தது. அதே பணியாளர் எண் கட்டமும் இருந்தது. ஆகவே குறை படிவத்தில் மட்டும் இருக்க முடியாது. தாமாகவே சிந்திக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது இடையூறு, இல்லாதவருக்கு உதவி என்று பிரித்துப் பார்த்தேன். அந்தப் பிரிவினை எனக்கு மிகவும் வசதியாக இருப்பதாலேயே அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

அடுத்த மாதம் அவருக்கு 50 வயது நிறைகிறது. சந்திப்பை நாள்காட்டியில் குறிப்பதா, விருப்பமிருந்தால் அவரே வரட்டும் என்று விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எல்லாருக்கும் குறித்துவிட்டு அவருக்கு மட்டும் விட்டால், அதையும் ஒரு மதிப்பீடாகவே அவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.