லாச்சியைக் கழற்றிப் பார்க்காமல் மேசையை விற்ற கதை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருந்த எங்கள் வீட்டை பிளாட் கட்டுபவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளவத்தையிலேயே வேறொரு பிளாட்டின் நாலாம் மாடிக்குப் போனோம். துணிமணி, சட்டிபானை எல்லாம் ஒரு கிழமையில் ஒதுக்கியாயிற்று. பத்திரிகைக் கட்டுகள் போத்தல் பத்தரக்காரரோடு போயின. (பழைய கோயில் சிறப்பு மலர்கள், சஞ்சிகைகள் இருந்தால் நிறுத்துப் போடாதீர்கள். நூலகம் நிறுவனத்தினர் அப்படியானவற்றை மின்வருடி இணையத்தில் ஏற்றுகிறார்கள். ஒரு சொல் கேட்டுப் பாருங்கள்.)

மரச்சாமான்தான் உயிரை வாங்கியது. அப்பாவின் சாய்மனைக் கதிரை, எழுதுமேசை, முதிரை அலுமாரி. 83 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அப்பா வாங்கிய முதல் சாமான் அந்த அலுமாரி. விற்போமா என்று அம்மாவிடம் கேட்க எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. "மற்றதைக் குடு. அது என்னோட வரும்," என்றா, அவ்வளவுதான்.

கதிரையைச் சும்மா கொடுப்போம் என்று ஒரு முதியோர் இல்லத்துக்கு ஓட்டோ பிடித்துப் போனேன். "இவ்வளவு பதிஞ்ச கதிரையில இருந்தா எங்கட ஆக்களால எழும்பேலாது தம்பி. பிளாஸ்டிக் கதிரை இருந்தாத் தாங்கோ," என்றார்கள். நியாயமான பேச்சு. போன் எடுத்துக் கேட்டிருந்தால் ஓட்டோக் காசு மிச்சம்.

சரி, விற்போம். முதலில் வந்த வியாபாரி மேசையும் கதிரையும் சேர்த்து 90,000 ரூபா என்றார். பேச்சோடு பேச்சாக, "வீடு எப்ப குடுக்கிறீங்க?" என்று கேட்டார். நானும் மடையன் மாதிரி மாதக் கடைசி என்றேன். அந்தத் தொண்ணூறை நம்பி, 60,000 கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். மனுசன் அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. 28ஆம் திகதி பின்னேரம் லொறியோடு வந்து இறங்கினார். கதிரையைக் கவிழ்த்து, பின்காலை நகத்தால் சுரண்டி, "உளுத்திருக்கு தம்பி, ரெண்டுக்கும் முப்பத்தஞ்சுதான்." அந்த ஒரு காலின் கீழே மாத்தூள் மாதிரிக் கொட்டிக்கிடந்தது உண்மைதான். மேசைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கையில் இரண்டே நாள். 40,000க்குப் போனது. வீடு கொடுக்கிற திகதியை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். வியாபாரி வருமுன் நீங்களே சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள்.

மூன்றாம் நாள் இரவு அம்மா கேட்டா: "சாவகச்சேரிக் காணி உறுதி எங்க?"

மேசையில். வலது பக்க லாச்சிக்குப் பின்னால். பழைய மேசைகள் பலவற்றில் லாச்சி பின்பலகை வரைக்கும் போகாது, நாலு விரல் இடைவெளி இருக்கும். லாச்சியில் நிறைந்த கடதாசி எல்லாம் வழிந்து அதற்குள்தான் விழும். நான் லாச்சிகளை இழுத்துக் கொட்டினேனே தவிர, முழுதாகக் கழற்றி உள்ளே கை விட்டுப் பார்க்கவில்லை.

விடிய மாளிகாவத்தையில் அந்த வியாபாரியின் கடைக்கு ஓடினேன். மேசை இல்லை, மெருகு போட மொறட்டுவைக்கு அனுப்பியாயிற்றாம். விலாசத்தைச் சொல்லவே அரை மணித்தியாலம் இழுத்தடித்தார், நான் நேரே போய்ப் பட்டறைக்காரரிடம் விலை விசாரித்துவிடுவேன் என்ற பயம். பிறகு 101 பஸ்ஸில் மொறட்டுவை. அங்கே மேசைக்குக் கால் இல்லை, மேல்பலகை ஒரு மூலை, லாச்சிகள் இன்னொரு மூலை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. தச்சு பாஸ் ஒன்றும் பேசாமல் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினார். உறுதி, இரண்டு கரண்ட் பில், என் ஐந்தாம் வகுப்பு ரிப்போர்ட். எழுத்து விளங்காவிட்டாலும் முத்திரை குத்திய கடதாசியைத் தான் எறிவதில்லை என்று சிங்களத்தில் சொன்னார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தேத்தண்ணி தந்தார்.

அலுமாரியையும் அவர்தான் காப்பாற்றினார். லிஃப்டுக்குள் போகாது, படி திரும்புகிற இடத்தில் இடிக்கும், குறுக்கே அறுத்தால்தான் ஆகும் என்று லொறிப் பெடியன்கள் சொல்லிவிட்டிருந்தார்கள். பாஸ் வந்து மேல்முடியை இரண்டு கையாலும் தூக்கினார், கழன்று வந்தது! ஆணியே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. கதவுகள் முளையிலிருந்து எழும்பின, ஆப்புகளைத் தட்ட பக்கப் பலகைகள் பிரிந்தன. பதின்மூன்று துண்டு. ஒவ்வொன்றிலும் சோக்கட்டியால் இலக்கம் போடச் சொன்னார், நான் போனில் படமும் எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் பழைய அலுமாரி இருந்தால், வாள் எடுக்கிறவனை உள்ளே விடுமுன் முடியை ஒருக்கால் தூக்கிப் பாருங்கள்.

இப்போது அம்மாவின் அறையில் நிற்கிறது. முடி மட்டும் சீலிங்கில் இடிக்கிறது, கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அதைக் கேட்டும் ஒரு வியாபாரி வந்தார். அம்மா கதவே திறக்கவில்லை.